ஏழு வரை

கிசுமுவில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடி.
சனிக்கிழமை. பதினோரு பேர், எட்டு நாற்காலி,
ஒரே ஒரு பிளக் பாயின்ட்.
முதல் வகுப்பில் யாரும் மடிக்கணினியைத் திறக்கக் கூடாது.
எழுந்து நின்று உங்கள் விலையைச் சொல்லுங்கள், என்பேன்.
அவர்களைவிட நான்கு வயது மூத்தவள், அவ்வளவுதான்.
நானும் நின்றுகொண்டுதான் இருப்பேன், நாற்காலி போதாது.

ஓடேரா புள்ளியியல் பட்டதாரி.
சான்றிதழை நகலெடுத்தே
ஒரு மாதச் சாப்பாட்டைச் செலவழித்தவன்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
"நூறு டாலர்" என்கிறான், மின்விசிறியிடம்.
அந்த மூச்சிலேயே அடுத்ததும் வந்துவிடுகிறது:
"கட்டுப்படலைன்னா குறைச்சுக்கலாம்."

அந்த வாக்கியத்துக்கு இங்கே அபராதம்.
கோகோ டப்பாவில் பத்து ஷில்லிங்.
விலையைச் சொல். வாயை மூடு.
மனசுக்குள் ஏழு வரை எண்ணு.
எதிரில் இருப்பவர் பேசட்டும் முதலில்.

நாலில் எல்லாருக்கும் வியர்க்கும்.
ஐந்தில் அபியோ சிரித்துவிடுவாள்.
ஆறில் ஒடுவோர் மன்னிப்புக் கேட்பான்,
எதற்கென்று அவனுக்கே தெரியாது.
சாயங்காலம் டப்பாவைக் கவிழ்த்தால்
பதினோரு பேருக்கும் டீயும் மண்டாசியும் தேறும்.

வேறும் சொல்கிறேன்:
முன்பணம் வராமல் ஒரு கோடும் இழுக்காதே.
மூன்றாம் முறை கேட்கும் "சின்னத் திருத்தம்"
திருத்தமல்ல, புது வேலை.
இன்னும் வேலை கிடைக்கலையா என்று வீட்டில் கேட்டால்
சண்டை வேண்டாம்,
பணம் ஏறிய குறுஞ்செய்தியைக் காட்டு.
கரண்ட் எப்போது போகும் என்று
நார்வேக்காரனுக்குத் தெரிய வேண்டாம்.
உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நஃபூலா மழைக்காலத்தில் பிறந்தவள்,
பெயரிலேயே இருக்கிறது.
படித்தது புவியியல்.
ஏழு வரை எண்ணச் சொன்னால்
எட்டையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

ஜூனில் ட்ரொண்ட்ஹைமிலிருந்து ஒரு வேலை வந்தது.
கூண்டு கட்டி மீன் வளர்க்கும் கம்பெனி
எங்கள் ஏரியின் ஆழ வரைபடம் கேட்டது.
என் வேலை அது.
ஆறு வருடமாக வரைபடம்தான் எனக்குச் சோறு போடுகிறது.
என் ஜன்னலைத் திறந்தால் அந்த ஏரி,
ஆகாயத்தாமரை மூடிய நாளில்
படகுகள் எங்கே சிக்கும் என்றுகூடத் தெரியும்.
நூற்றெண்பது டாலர் என்று எழுதினேன்.
நன்றி, வேறொருவரைத் தேர்ந்துவிட்டோம்
என்று பதில்.
எவனோ அடிமாட்டு விலைக்கு அடித்துக்கொண்டு போயிருப்பான்.
ஊர் உலகத்தில் ஒருத்தனை விடாமல் திட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை நஃபூலா எழுந்து நின்றாள்.
முதல் வேலை கிடைத்துவிட்டதாம். ட்ரொண்ட்ஹைம்.
நானூற்றைம்பது கேட்டாளாம்.
கேட்டுவிட்டு ஏழு அல்ல,
இரண்டு நாள் எண்ணினாளாம்.
எல்லாரும் மேசையைத் தட்டினார்கள்.
நானும் தட்டினேன், உள்ளங்கை எரியும்வரை.
சந்தோஷம்தான். பொறாமையும்தான்.
இரண்டுக்கும் ஒரே சத்தம்.

ராத்திரி, அனுப்பிய கடிதங்களைத் திறந்தேன்.
கடைசி வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்,
கொஞ்சம் நல்ல உடுப்பில்:
"தங்கள் வசதிக்கேற்ப கட்டணத்தைப் பேசிக்கொள்ளலாம்."
ஆறு வருடம்.
இருநூற்றுப் பதினான்கு கடிதம் வரை எண்ணினேன்,
அதற்குள் கரண்ட் போய்விட்டது.

அடுத்த வாரம் யாரும் வருமுன்
டப்பாவில் ஆயிரம் ஷில்லிங் தாளை மடித்துப் போட்டேன்.
முழுக்கடனும் தீராது.
ஓடேரா டப்பாவைக் கவிழ்த்து, தாளை விரித்து,
யார் இவ்வளவு உளறினது என்றான்.
கோழி வாங்கலாமா என்றாள் அபியோ.

வகுப்பு முடிந்து ஒயரைச் சுருட்டும்போது
நஃபூலா அருகில் வந்தாள்.
"அவுவோர், ஆழ அளவுகளைச் சரிபார்க்க ஓர் ஆள் வேணும்.
மூணு நாள் வேலை.
உங்க கட்டணம் என்ன?"

சொன்னேன்.
நாக்கு நுனிவரை வந்தது அந்த மற்ற வாக்கியம்.
கீழே மருந்துக்கடையில் யாரோ
இருமல் மருந்துக்குப் பேரம் பேசுகிறார்கள்.
நஃபூலா என் முகத்தையே பார்க்கிறாள்,
அவள் உதடு அசைகிறது லேசாக,
எனக்காக எண்ணுகிறாளா,
தன் லாபத்தைக் கணக்குப் போடுகிறாளா.

மூன்று.
நாலு.